படும் பாடும் மீன்பாடும்

கடலிலிருந்து திரும்பியவரிடம் மீனவர் ஊர்களில் "எவ்வளவு பிடித்தீர்கள்?" என்று கேட்பதில்லை. "மீன்பாடு எப்படி?" என்பார்கள். பாடு என்றால் அங்கே வலையில் விழுந்தது, கைக்குக் கிடைத்தது. அதே ஆள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரி முழுக்கத் தான் பட்ட பாட்டைச் சொல்லும்போது, பாடு என்பது உழைப்பு, அலைச்சல், அவதி. போட்டதற்கும் எடுத்ததற்கும் ஒரே சொல். மீன்வளப் பொருளியல் என்றொரு துறை இருக்கிறது. எழுபது ஆண்டுகளாக அது செய்துவருவதன் சாரம், இந்த இரண்டு பாட்டில் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பதுதான்.

வகுக்காமல் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருவது மொத்தக் கணக்கு. 2022-23-ல் இந்தியாவின் மீன் உற்பத்தி 175 லட்சம் டன். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதில் கடலின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. மீதி குளம், ஏரி, ஆறு, பண்ணை. உலக அளவிலும் இதே கதைதான். பிடிக்கிற மீன் 1980களின் இறுதியிலிருந்து ஆண்டுக்கு 9 கோடி டன் அருகிலேயே நிற்கிறது. 2022-ல் வளர்ப்பு மீன் முதன்முறையாக அதை முந்திவிட்டது. இந்த முப்பத்தைந்து ஆண்டில் எஞ்சின் பெரிதானது, வலை பெரிதானது, மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் கருவி படகுக்குப் படகு வந்தது. மீன் மட்டும் கூடவில்லை. அப்படியானால் அத்தனை எஞ்சினும் எதை இழுத்துக்கொண்டிருக்கின்றன?

பாக் விரிகுடாக் கரையில் ஏதாவது ஒரு விசைப்படகுத் துறையில் விடியற்காலை போய் நின்றால் விடையின் ஒரு பகுதி கண்ணில் படும். படகு அணைந்ததும் கூடைகள் இறங்கும். முதலில் இறால், அளவு வாரியாகப் பிரித்தது. பிறகு நண்டு, கணவாய், கொஞ்சம் சங்கரா, பாறை. இதற்கெல்லாம் ஏலக்காரர் குரல் கொடுப்பார். கடைசியில் தளத்து மூலையிலிருந்து மண்வெட்டியால் வாரி இறக்குவார்கள் ஒன்றை. கூடைக் கணக்கில் அதுதான் அதிகம். அதற்குப் பெயர் சங்காயம். விரல் நீளக் காரல், சூடை, சுண்டுவிரல் கணவாய், இன்னதென்று சொல்ல முடியாத குஞ்சுகள், நசுங்கிய நண்டுக் கால்கள். மனிதர் தின்ன அல்ல. காய்ந்து, அரைபட்டுக் கோழித்தீவனமாகப் போகும்.

அந்தக் குவியலில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், நாக்கின் நீளம்கூட இல்லாத ஒரு மத்தி. எட்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது இன்னும் ஓர் ஆண்டுக்குள் இரட்டிப்பு நீளம் வளர்ந்திருக்கும். நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்காவதில்லை. அகலமும் தடிமனும் சேர்ந்து வளர்வதால் எட்டு மடங்காகும். நடுவில் பாதிக்குப் பாதி பெரிய மீன் வாய்க்குள் போனாலும், மிஞ்சியவற்றின் எடை இன்று வாரியதைப் போல நான்கு மடங்கு. விலையும் தீவன விலை அல்ல, குழம்பு விலை. இதற்குமேல் முட்டைக் கணக்கு வேறு இருக்கிறது. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோத் தாய் ஒன்று இடும் முட்டை, இரண்டு கிலோத் தாய்கள் இருபத்தெட்டு சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எடையில் பார்த்தால் 56 கிலோ சின்னத் தாய்கள் ஒரு 30 கிலோ ஆத்தாளிடம் தோற்கின்றன. கடலில் நிற்கும் மீன் முதல். வளர்வதும் பெருகுவதும் வட்டி. சங்காயம் என்பது முதலை எடுத்துச் செலவழிப்பது.

இதெல்லாம் படகில் இருப்பவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். பின் ஏன் வாருகிறார் என்றால், அவர் கணக்கு வேறு. படகு கிளம்பும்போதே டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று செலவு ஏறிவிடுகிறது. மீன் விற்ற காசில் அந்தச் செலவைத்தான் முதலில் கழிப்பார்கள். மிஞ்சினால்தான் படகு முதலாளியான சம்மாட்டிக்கும் ஆட்களுக்கும் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். இறால் குறைவாக விழுந்த நாளில் டீசல் காசைத் தேற்றிக் கொடுப்பது அந்தச் சங்காயம்தான். போதாததற்கு, படகு கட்ட முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் போக வேண்டும். அவர் சொன்னதே விலை. இன்று நான் விட்டுவிட்ட மத்திக்குஞ்சு நாளை பெரிதாகி என் வலையில்தான் விழும் என்று யார் உத்தரவாதம் தரமுடியும்? அடுத்த படகு அடுத்த நிமிடம் வாரிக்கொண்டு போகும்.

இந்த இடத்தைத்தான் 1954-ல் கனடாக்காரர் ஒருவர் பிடித்தார். ஸ்காட் கார்டன் என்ற பொருளியலாளர். அதே ஆண்டு, அமெரிக்காவில் சூரை மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மில்னர் ஷேஃபர் என்ற உயிரியலாளர் மீன் பெருகும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். இரண்டும் பிறகு ஒன்றாக ஒட்டிக்கொண்டு இருவர் பெயராலும் அழைக்கப்படுகின்றன. (டென்மார்க்கில் யென்ஸ் வார்மிங் என்பவர் 1911-லேயே இதை எழுதிவிட்டார். டேனிஷ் மொழியில் எழுதியதால் வெளியே யாரும் படிக்கவில்லை. சின்ன மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதை.)

சூத்திரத்தை விட்டுவிட்டு ஒரு பொம்மைக் கடல் செய்து பார்க்கலாம். எந்த நிஜக் கடலின் எண்ணும் இதில் இல்லை. இந்தக் கடலில் பத்துப் படகு போனால் ஆளுக்கு 1,000 கிலோ கிடைக்கிறது. இருபது படகு போனால் 800. முப்பது என்றால் 600. நாற்பது என்றால் 400. படகு கூடக்கூட, கடலில் நிற்கும் மீன் குறைந்து, ஒவ்வொருவர் பங்கும் தேய்கிறது. ஒரு படகின் செலவு, கூலியும் சேர்த்து, 400 கிலோ மீனின் விலை என்று வைப்போம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். இருபது படகில் மொத்தம் 16,000 கிலோ. முப்பதில் 18,000, இதுதான் உச்சம். நாற்பதில் மறுபடி 16,000. இருபது படகு பிடித்ததையே நாற்பது படகும் பிடிக்கின்றன! வெளியே நின்று டன் கணக்கு மட்டும் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே கடல். உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. இருபது படகு இருந்தபோது செலவு போக மொத்தம் 8,000 கிலோ மீனின் விலை லாபமாக நின்றது. நாற்பதில் ஒரு காசு மிச்சமில்லை. இருபது எஞ்சினின் டீசல் கூடுதலாக எரிந்து, கிடைத்தது பூஜ்யம்.

முப்பதாவது படகோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். முப்பத்தொன்றாவது ஆளின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் உள்ளே வந்தால் அவருக்கு 580 கிலோ கிடைக்கும், செலவு 400. வராமல் இருப்பாரா? ஆனால் அவர் வந்ததால் ஏற்கெனவே இருந்த முப்பது பேருக்கும் தலைக்கு 20 கிலோ குறைந்தது. ஆக 600 கிலோ அடுத்தவர் கூடையிலிருந்து போய், 580 இவர் கூடையில் விழுந்திருக்கிறது. மொத்தத்தில் 20 கிலோ நட்டம். அவர் திருடவில்லை, சட்டம் மீறவில்லை, தப்புக் கணக்கும் போடவில்லை. முப்பத்திரண்டாவது ஆளும் அதையே செய்வார். யாருக்கும் மிச்சமில்லை என்ற நாற்பதில் வந்துதான் ஊர் நிற்கும். கடலின் செல்வம் யார் பெயரிலும் இல்லாததால்தான் அதைப் பிடிக்கிறவர்கள் செல்வர்களாவதில்லை என்பது கார்டன் கண்டது. மீனவர் வறுமைக்குக் குடியையும் ஊதாரித்தனத்தையும் காரணம் சொல்லிப் பழகியவர்கள் இந்த நாலு வரிப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். நாற்பது படகும் நொடித்துக் கிடக்கின்றன என்று அரசாங்கம் இரங்கி, டீசலில் சலுகை தருகிறது என்று வையுங்கள். செலவு 400-லிருந்து 300-க்கு இறங்குகிறது. கொஞ்சநாள் எல்லோருக்கும் மூச்சு வரும். அந்த மிச்சத்தைப் பார்த்துப் புதிதாக ஐந்து படகு இறங்கும். நாற்பத்தைந்தில் தலைக்கு 300, மொத்தம் 13,500. மீனும் குறைந்தது, லாபமும் மறுபடி பூஜ்யம். ஊக்கத்தொகை கொடுத்து உற்பத்தியைக் குறைக்க முடிகிற தொழில் வேறு எத்தனை இருக்குமோ தெரியவில்லை. உலக வர்த்தக நிறுவனம் 2022-ல் மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஃபைபர் படகில் போகிற இரண்டு பேருக்குத் தரும் மண்ணெண்ணெயையும், கண்டம் விட்டுக் கண்டம் போய் மீன் அள்ளும் கப்பல்களுக்குத் தரும் டீசலையும் ஒரே தட்டில் வைப்பதை இந்தியா எதிர்த்துவருகிறது. எனக்கும் அந்த எதிர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நியாயம் பெருக்கலை மாற்றிவிடாது.

பொம்மைக் கடல் கிடக்கட்டும், நிஜக் கடலில் இதைச் சோதித்துப் பார்த்தவர் உண்டா? படகையெல்லாம் ஐந்து வருடம் கட்டிப்போட்டுப் பார்க்க எந்த விஞ்ஞானிக்கும் அதிகாரம் இல்லை. போருக்கு இருந்தது.

முதல் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு பெரும்பாலும் நின்றுபோனது. போர் முடிந்த பிறகு உம்பர்ட்டோ டி'அங்கோனா என்ற இத்தாலிய உயிரியலாளர் துறைமுகச் சந்தைகளின் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார். ஃபியூமே துறைமுகத்தில் 1914-ல் விற்ற மீனில் சுறா, திருக்கை வகைகள் 12 சதவீதம். 1918-ல் 36. படகுகள் திரும்பக் கடலுக்குப் போனதும் குறைந்துகொண்டே வந்து 1923-ல் 11. பிடிப்பதை நிறுத்தினால் மீன் கூடும் என்பது யாருக்கும் புரியும். ஏன் வேட்டையாடும் மீனின் பங்கு மட்டும் இப்படிக் கூட வேண்டும்? அவருக்குப் புரியவில்லை, மாமனாராகப் போகிறவரிடம் கேட்டார். அவர் வீட்டோ வோல்தேரா, இத்தாலியின் பெயர்பெற்ற கணித மேதை. இரையும் இரைகொல்லியும் ஒன்றையொன்று எப்படி ஏற்றி இறக்குகின்றன என்று 1926-ல் அவர் எழுதிய இரண்டு சமன்பாடுகள் இன்று உயிரியல் படிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் பாடம். மருமகனின் சந்தேகத்தில் பிறந்தவை.

வடகடலிலும் இரண்டு உலகப்போருக்குப் பிறகும் இதே நடந்தது. பழைய படகு, பழைய வலை, அதே ஆட்கள். ஒருநாள் உழைப்புக்கு விழுந்த மீன் மட்டும் போருக்கு முன்பிருந்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தது. சில ஆண்டுகளில் படகுகள் பெருகி, அந்தச் சேமிப்பைத் தின்று தீர்த்தன. பிரிட்டனில் இழுவைப் படகுகள் கொண்டுவந்த மீனை 1889-லிருந்து 118 ஆண்டுகளுக்கு ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. படகின் திறனைக் கணக்கில் எடுத்து வகுத்தால், ஓர் அலகுத் திறனுக்குக் கிடைக்கும் மீன் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்கிறது அது. ஆரம்பத்தில் இருந்தவை பெரும்பாலும் காற்றில் ஓடிய பாய்மரப் படகுகள் என்பதை நினைவில் வையுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு போர் நடந்தது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். இழுவைமடி என்னும் பை வலை தரையை உரசிக்கொண்டு போக ஏற்ற இடம், அதனாலேயே சீக்கிரம் சூறையாடப்படுகிற இடம். 1983-க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாத காலம் வந்தது. தடை, இடப்பெயர்வு, எரிந்த படகுகள். அந்தக் கரையோரக் கடலில் மீன் நின்றது, பிடிக்க ஆளில்லை. இந்தப் பக்கத்தில் விசைப்படகுகள் பெருகிக்கொண்டிருந்தன. சொந்தக் கரையில் மீன்பாடு தேய்ந்துகொண்டிருந்தது. படகுகள் அந்தப் பக்கம் போயின. கால் நூற்றாண்டு காலம் இங்குள்ள விசைப்படகுத் தொழிலின் லாபத்தில் ஒரு பங்கு, அங்கே ஒருவர் கடலுக்குப் போக முடியாமல் இருந்ததிலிருந்து வந்தது. சொல்ல வாய் கசக்கிறது, ஆனாலும் கணக்கு அதுதான். 2009-ல் போர் முடிந்தது. யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்கள் சின்னப் படகும் நூல் வலையுமாகத் திரும்ப வந்தபோது, அதே மீனுக்கு இரண்டு கூட்டம். இழுவைமடி அவர்கள் விரித்த வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போனது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கைது, படகுப் பறிமுதல், மறியல் என்று நாம் வாராவாரம் படிக்கிற செய்தியின் அடியில் எல்லைக்கோடு மட்டும் இல்லை. டீசல் செலவுக்குக் கட்டுப்படியாகாத ஒரு கடலும் இருக்கிறது.

இந்த மடி இங்கே எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1952-ல் நார்வேயோடு செய்த ஒப்பந்தப்படி கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கியது. மீனவர் வருமானம் உயர வேண்டும், ஊருக்கு மலிவாக மீன் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் உறைய வைத்த இறாலை அமெரிக்காவும் ஜப்பானும் எந்த விலைக்கும் வாங்கத் தயாராக இருந்தன. இறால் தரையோரம் வாழ்வது. அதற்கு மடி வேண்டும். ஊர்ச் சோற்றுக்கு மீன் என்று தொடங்கியது இறால் ஏற்றுமதியில் போய் முடிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அதே வழி இரண்டு கடற்கரையிலும் பரவியது. மத்தி போன்ற கூட்ட மீனை வளைத்துப் பிடிக்க டன்னுக்கு நூறு லிட்டர் எண்ணெய்கூட ஆகாது. இறாலுக்கோ டன்னுக்கு இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டுவது உலகெங்கும் சாதாரணம். எரிகிற எண்ணெயை அளந்தால், ஒரு கிலோ இறாலுக்குப் பின்னால் இரண்டு லிட்டர் டீசல் நிற்கிறது எனலாம்.

எல்லாப் பழியையும் வலைமேல் போடவும் கூடாது. கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. குஞ்சுகளை வாரியது ஒரு காரணம். 2015-16-இன் எல் நினோ கடலைச் சூடாக்கியது இன்னொன்று. அடுத்த ஆண்டே மத்தி லட்சம் டன்னுக்குமேல் திரும்பி வந்ததை எந்த அதிகாரியும் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியாது. வயலில் வட்டி விகிதம் ஓரளவு நிலையானது. கடலில் அது ஆண்டுக்கு ஆண்டு கடலின் மனசுப்படி மாறும்.

மீன் கூடாமலேயே வருமானம் கூடியதும் உண்டு. 1997 ஜனவரியில் ஒருநாள் காலை, கேரளத்தில் வடகரை என்ற ஊரின் கடற்கரையில் பதினோரு மீனவர்கள் மத்தியை வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கடற்கரைகளில் வாங்க வந்தவர்கள் மீனில்லாமல் நின்றார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அப்போது கேரளக் கரையில் விலைகளைத் தொடர்ந்து குறித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டிலிருந்துதான் அங்கே செல்போன் வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கடலுக்குள்ளும் சிக்னல் எட்டியது. படகிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு அங்கே திருப்பினார்கள். கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. ஒரு மீன்கூடக் கூடுதலாகச் சாகவில்லை. மீன்பிடித் தொழிலில் இப்படி இருதரப்பும் சிரித்த சம்பவம் அபூர்வம் என்பதால் குறித்துவைக்கிறேன்.

சரி, நாற்பதிலிருந்து இருபதுக்கு எப்படி இறங்குவது? இதில்தான் அறிவியல் வாயை மூடிக்கொள்ள, அரசியல் பேச ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் 1983-ல் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு கூடாது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நாளைப் பங்கிட்டிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடையால் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் தடை முடிந்த மறுநாள் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு மாதம் வண்ணம் பூசி, எஞ்சினை ஏற்றிக் காத்திருந்த அத்தனை படகும் ஒரே நாளில் கிளம்பும். அத்தனையும் ஒன்றாகத் திரும்பும். இரண்டு மாதம் வளர்ந்த வட்டி இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். கூடவே விலையும் விழும்.

இந்த ஓட்டத்தின் எல்லை வரை போய்ப் பார்த்த ஊர் அலாஸ்கா. அங்கே ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன். மொத்தம் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அளவு முடிந்ததும் பருவத்தை மூடுவார்கள். யார் முந்துகிறாரோ அவருக்கு மீன். ஆளுக்காள் பெரிய படகு வாங்கினார்கள். பருவம் ஐந்து மாதமாக இருந்தது சுருங்கி, வாரங்களாகி, 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் என்றாகிவிட்டது. ஒவ்வொன்றும் இருபத்துநான்கு மணி நேரம். அன்று புயலடித்தாலும் போயாக வேண்டும். படகு கவிழ்ந்தது, ஆள் போனார்கள். ஓராண்டு மீன் மூன்று நாளில் வந்து குவிந்தால் உறைய வைப்பதைத் தவிர வழியில்லை, விலையும் அதற்கேற்பத்தான். 1995-ல் படகுக்குப் படகு பங்கு எழுதிக் கொடுத்தார்கள். உன் பங்கு உனக்கு, எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள். ஓட்டம் நின்றது, பருவம் எட்டு மாதமானது, பச்சை மீனாகவே சந்தைக்குப் போய் நல்ல விலை கிடைத்தது. ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் 1980களிலேயே இந்த வழிக்கு வந்துவிட்டன. அங்கே கிளம்பிய சிக்கலையும் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த பங்கை விற்கலாம் என்றதும், பணமுள்ளவர் கையில் பங்குகள் சேர்ந்தன. சின்ன ஊர்களில் படகுகள் கரையேறின. கடலைப் பார்த்துக்கொண்டு கடலில்லாதவர்களாக மீனவர்கள் உட்கார்ந்தார்கள். மீன் பிழைத்தது.

நம்மூரில் படகை வெட்டிக் குறைக்க ஒரு முயற்சி நடந்தது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றுவது என்று 2017-ல் திட்டம் தொடங்கினார்கள். படகு விலையில் பெரும்பகுதி மானியம்தான். மாறியது சிறு பங்கு. ஒருநாள் தொழிலுக்குப் பழகியவரைச் சூரை பிடிக்க வாரக்கணக்கில் வங்கக்கடலுக்குள் அனுப்புவது, பேருந்து ஓட்டுநரைக் கப்பல் ஓட்டச் சொல்வதற்குச் சமம்.

ஐஸ்லாந்துக்குப் போகாமலேயே பங்கு பிரித்த ஓர் இடம் சென்னைக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. பழவேற்காடு ஏரி. கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரத்துப் பக்கம், நீரோட்டத்தோடு இறால் போய்வரும் வழிகளில், சில இடம் நல்ல இடம், சில இடம் சுமார். எல்லோரும் நல்ல இடத்துக்கு ஓடினால் அலாஸ்காதான். அதனால் இடத்துக்கு இத்தனை வலை, இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர், இன்று நீ இங்கே, அடுத்த முறை நான் என்று சுழற்சி வைத்திருக்கிறார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் முறைவைத்து வரும். பட்டியல் இருக்கிறது, மீறினால் ஊர் தண்டம் போடும். நாற்பதாவது படகு உள்ளே வராது; கார்டன் காகிதத்தில் கேட்டது இங்கே வழக்கத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்: பாடு.

உள்ளே வராத அந்த நாற்பதாவது ஆள் யார் என்றும் கேட்க வேண்டும். பாட்டில் முறை என்பது பரம்பரை உரிமை. குறிப்பிட்ட சில ஊர்களின் பட்டினவர் ஆண்களுக்கு. அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. வலை வாங்கிவந்த பிற சாதிக்காரர்களுக்கும் இல்லை. வாசலில் கதவு போட்டதால்தான் உள்ளே வளம் மிஞ்சியது. கதவுக்கு வெளியே நிற்பவர்களோடு சண்டை, வழக்கு, சமரசம் என்று அதுவும் பலகாலமாக நடக்கிறது.

முகத்துவாரம் சில ஆண்டுகளில் மணல் தள்ளி மூடிக்கொள்ளும். கடல்தண்ணீர் ஏரிக்குள் வருவது நின்று, இறால் குஞ்சுகள் உள்ளே ஏறமாட்டா. அந்த நாட்களிலும் யார் முறை என்ற பட்டியல் அப்படியேதான் இருக்கும். மண்ணை வெட்டி வழி திறக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் அதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். முறை வந்தவர் வலையோடு போய், தன் இடத்தில் கழியை ஊன்றி, நீரோட்டம் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு வருவார். கரையில் நிற்பவர் வழக்கம்போல மீன்பாடு எப்படி என்று கேட்பார்.